கரகரப்பு இல்லாத மூன்று நாட்கள்

மே 14, புதன். பிற்பகல் 2.39.

சிங்கப்பூரில் ஏழு பிள்ளைகள் அவரவர் வீட்டுத் திரையில் தமிழ் வாத்தியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லகர ளகர ழகரப் பாடம். நாச்சியாபுரத்தில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து, நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று சிவபிரகாஷ் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே லேப்டாப்பை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நாற்காலி சரிந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் காலி நாற்காலியும் பின்னால் ஒரு சுவரும்தான்.

"சார், கேட்கவில்லை" என்று ஒரு பிள்ளை தட்டச்சு செய்தது.

2.46. சமையல்கட்டிலிருந்து வந்த மனைவி ஈஸ்வரி அவரைத் தரையில் பார்த்தாள். வெயிலுக்குக் குளிரட்டும் என்று அவளே அரைமணி நேரத்துக்கு முன்னால் ஈரத்துணி போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் தரை. அவர் கால்களில் செருப்பு இல்லை. அவள் கத்தவில்லை. முதலில் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கினாள், பிறகுதான் அவரைத் தொட்டாள். புருஷன் விழுந்து கிடக்கும்போது பிளக்கைத் தேடிய பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

மாலை 5.10. காரைக்குடி, செக்காலை.

அகல்யாவின் லேப்டாப் சர்வீஸ் கடை எட்டடிக்குப் பத்தடி. ஒன்பது வருடமாகத் தனியாளாக நடத்துகிறாள். பி.ஏ. படித்த பெண் திருப்புளியைப் பிடித்தால் உருப்படுமா என்று கேட்டவர்கள் இப்போது அவளிடம்தான் லேப்டாப்பைக் கொண்டுவருகிறார்கள். வாசலில் ஜீப் நின்றது. எஸ்.ஐ. சந்திரலேகா உள்ளே வந்து, உட்காராமலே கேட்டார்.

"சிவபிரகாஷ், நாச்சியாபுரம். உங்க கஸ்டமரா?"

"ஆமா மேடம்."

"எத்தனை தடவை வந்தாரு?"

"பிப்ரவரி கடைசியிலேர்ந்து மூணு தடவை."

"என்ன கம்ப்ளைன்ட்?"

"கரகரப்பு. ஸ்பீக்கர்லயும் வருது, இவரு பேசுறது பிள்ளைகளுக்கும் கரகரன்னு கேக்குதுன்னாரு. இங்க வந்தா வராது."

பல் டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோவது மாதிரி, கடைக்கு வந்தால் நல்லாகிவிடும் லேப்டாப்புகள் உண்டு. மெக்கானிக்குகளுக்கு அந்த வகையைக் கண்டாலே எரிச்சல்.

"என்ன பண்ணீங்க?"

"முதல் தடவை டிரைவர் மாத்திப் போட்டேன். ரெண்டாவது தடவை சவுண்ட் செட்டிங்க்ஸ் எல்லாம் பார்த்தேன். மூணாவது தடவை ஸ்பீக்கரையே மாத்தினேன். மூணு தடவையும் ஒரு நாள் முழுக்கப் பாட்டு ஓடவிட்டேன். ஒரு சின்னக் கரகரப்பு இல்ல."

"அவரோட சார்ஜர்லயா?"

"சார்ஜர் வாங்குறதில்ல மேடம். எல்லாம் ஒண்ணுபோல இருக்கும், மாறிப்போயிரும். லேப்டாப் மட்டும் குடுத்துட்டுப் போங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

சந்திரலேகா அதைக் குறித்துக்கொண்டார்.

"அவர் இறந்துட்டாரு. இன்னிக்கு மத்தியானம், அந்த லேப்டாப்பைப் பிடிச்சபடி. கரண்ட்."

அகல்யா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. மேசையில் பிரித்துப் போட்டிருந்த யாரோ ஒருவருடைய விசைப்பலகையில் எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்றுதான் மனம் ஓடியது.

"வீட்டுக்காரர் சேவுகப்பெருமாள் புகார் குடுத்திருக்காரு. ரிப்பேர் பண்ண இடத்துலதான் ஏதோ வயரைத் தப்பாக் கொடுத்திருக்காங்கன்னு."

"லேப்டாப்புக்குள்ள போறது பத்தொன்பது வோல்ட் மேடம். அதுல யாரும் சாக மாட்டாங்க. சார்ஜர் பழுதா?"

"மின்வாரியத்துல பார்த்துட்டாங்க. மூணு பின் சார்ஜர், நல்லா இருக்கு. லேப்டாப்பும் நல்லா இருக்கு."

"அப்ப எப்படி?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்குறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். வேற காரணம் கிடைக்கலைன்னா, கவனக்குறைவால மரணம்னு உங்க பேர்ல கேஸ். கடைக்குப் பூட்டு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஆனால் பாவமும் தன்னிடம்தானோ என்று அகல்யாவுக்கே நிச்சயமில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம்.

மாலை 6.00.

கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டாள். பழுது பார்க்கும் முன்பு, வாடிக்கையாளர் சம்மதத்தோடு, எல்லாவற்றையும் நகல் எடுத்து வைப்பது அவள் வழக்கம். ஏப்ரல் 30 அன்று மூன்றாம் முறை எடுத்த நகலில் சிவபிரகாஷின் வகுப்புப் பதிவுகள் இருந்தன. தினம் ஒன்று, ஞாயிறு மட்டும் விடுமுறை. பிற்பகல் 1.30 முதல் 4.30 வரை. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இடங்களைத் தட்டித் தட்டிக் கேட்டாள்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தினமும் 2.10 வாக்கில் கரகரப்பு தொடங்கியது. பத்து நிமிடம் வரும், ஐந்து நிமிடம் நிற்கும், மறுபடி வரும். நாலு மணிக்கு நின்றுவிடும். "சார், உங்க வாய்க்குள்ள முறுக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. சிவபிரகாஷ் சிரித்தார். செத்துப்போனவர் சிரிப்பதைக் கேட்டபோதும் அகல்யாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தாளில் நேரத்தை எழுதினாள்.

கோளாறு வரும் நேரத்தைத் தேடுவதுதான் மெக்கானிக் புத்தி. வராத நாளைத் தேட வேண்டும் என்று அவளுக்கு எட்டு மணிக்குத்தான் உறைத்தது. தேடினாள். இரண்டரை மாதத்தில் மூன்றே நாட்கள் முழு வகுப்பும் சுத்தமாக இருந்தன. மார்ச் 5. ஏப்ரல் 1. ஏப்ரல் 29. இடைவெளி இருபத்தேழு நாள், இருபத்தெட்டு நாள். லேப்டாப்புக்கு மாத விடுப்பு உண்டா என்ன? மென்பொருள் எதுவும் இப்படி நாள் பார்த்து ஓய்வெடுக்காது. மனிதர்கள்தான் எடுப்பார்கள்.

மே 15, வியாழன். காலை 10.15. நாச்சியாபுரம்.

அக்கினி நட்சத்திர வெயில். வீடு மூன்று குடியிருப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்கட்டில் வீட்டின் சொந்தக்காரர் சேவுகப்பெருமாள், மனைவியை இழந்தவர், தனியாள். நடுக்கட்டில் சிகப்பி ஆச்சி, பலகாரம் செய்து விற்பவர். பின்கட்டில் சிவபிரகாஷும் ஈஸ்வரியும். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் சிவகங்கையிலிருந்து மதியம்தான் வரும். காத்திருந்தார்கள்.

"என்ன தைரியத்துல இங்க வந்த?" என்றார் சேவுகப்பெருமாள் வாசலிலேயே. நெற்றி நிறைய விபூதி, அறுபத்தைந்து வயது, வெள்ளை வேட்டி. "ஒரு மனுசனைக் கொன்னுட்டு."

"நான்தான் வரச் சொன்னேன்" என்றார் உள்ளே இருந்த சந்திரலேகா. அவர் முகம் வரச் சொன்ன முகமாக இல்லை, ஆனாலும் சொன்னார்.

முற்றத்தில் துளசிகூடக் கருகிக் கிடந்தது. முன்கட்டுச் சுவரோரம் மட்டும், மேலேயிருந்து இறங்கிய ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குக் கீழே, பொன்னாங்கண்ணி பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. அகல்யா அதைப் பார்த்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள்.

ஈஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அகல்யா எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நான்தான் லேப்டாப் பார்த்த பொண்ணு."

"தெரியும்." குரலில் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை. "கேளுங்க."

"முதல்ல பிளக்கைப் பிடுங்கினீங்களாம், ஏன்க்கா?"

"ஃப்ரிட்ஜைத் தொட்டா மத்தியானத்துல சுருக்குங்கும். பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்னாக. நான் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் தொடுவேன். அவுக லேப்டாப்பும் சில நேரம் விறுவிறுங்கும். அந்த ஞாபகம்."

"எப்பலேர்ந்து?"

"மாசி மாசத்துலேர்ந்து."

"மாசியில இங்க என்ன மாறுச்சு? யோசிச்சுச் சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும்."

ஈஸ்வரி நடைப் பக்கம் திரும்பினாள். "ஒண்ணும் மாறல. பாத்திரம் கழுவுற எடம்தான் மாறுச்சு. முன்னாடி அந்தா, அங்குட்டு நடையோரமாக் கழுவுவேன். தண்ணி அந்தக் கல்லுக்கடியில போயிரும். செவரு ஊறிப்போகுது, அங்குட்டு ஊத்தாதீகன்னு வீட்டுக்கார ஐயா சொன்னாக. பெறகு கொல்லையில கழுவுறேன்."

நடை கூரைக்கு உள்ளே இருந்தது. மழை பெய்தாலும் நனையாத இடம். ஈஸ்வரி கைகாட்டிய கல்லை அகல்யா நகர்த்தினாள். கீழே ஒரு குழி. நடுவில் ஒரு குழாய், அதில் செம்புக் கம்பி. வீட்டுக்கு எர்த் இறங்கும் குழி, கசியும் கரண்ட் மண்ணுக்குள் போக வேண்டிய வழி. உள்ளே கைவிட்டாள். மண் பொடியாக உதிர்ந்தது.

காலை 10.50. நடுக்கட்டு.

சிகப்பி ஆச்சி தேன்குழல் மாவை மிஷினில் போட்டுவிட்டு, நிறுத்திவிட்டார். சாவு வீட்டுப் பக்கத்தில் சத்தம் போடுவது தப்பென்று அப்போதுதான் தோன்றியது.

"இந்த மிஷின் தினம் ஓடுமா ஆச்சி?" என்றாள் அகல்யா. சந்திரலேகாவும் கூட வந்திருந்தார்.

"காலையில, மத்தியானம் ரெண்டு வேளையும் ஓடும். அமாவாசைக்கு மட்டும் கெடையாது. அன்னிக்குக் கடை அடுப்பே பத்த வைக்க மாட்டேன்."

சந்திரலேகாவின் கண் கூர்மையாயிற்று. மாதத்துக்கு ஒரு நாள் விடுமுறை. நேற்றிரவே அகல்யா மூன்று தேதிகளையும் அவருக்கு அனுப்பியிருந்தாள்.

"போன அமாவாசை என்னைக்கு?" என்றார்.

சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. ஏப்ரலில் கறுப்பு வட்டம் 27ஆம் தேதி. கரகரப்பு இல்லாத நாள் 29. கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று போலீஸ்காரருக்குத் தோன்றும். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என்பது கிடையாது. அகல்யா தாளைத் திருப்பினாள்.

"மார்ச்ல அமாவாசை 29. சுத்தமான நாள் ஏப்ரல் 1. அதுக்கு முன்னாடி பிப்ரவரி 27. சுத்தமான நாள் மார்ச் 5. ஆறு நாள் தள்ளிப் போகுது மேடம். இது அமாவாசை இல்ல." மார்ச் 5 கட்டத்தைத் தொட்டாள். சின்னதாக ஒரு வேல் படம். ஏப்ரல் 1இலும் வேல். 29இலும் வேல். "இது என்ன ஆச்சி?"

"கார்த்திகை. மாசாமாசம் வருமே, முருகனுக்கு. நச்சத்திரம் இருபத்தேழும் சுத்தி மறுபடி வர்ற நாளு." ஆச்சிக்கு இந்தக் காலத்துப் பெண்களின் அறியாமை புதிதல்ல. "வீட்டுக்கார அண்ணனைக் கேளு. ஒரு கார்த்திகை தவறுனதில்ல. வெள்ளனக் கெளம்பி, குன்றக்குடிக்கு நடந்தே போவாக. பொழுது சாய மலைய விட்டு எறங்கித்தான் வருவாக. அன்னிக்கு முன்கட்டுப் பூட்டித்தான் கெடக்கும்."

அகல்யாவும் சந்திரலேகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காலை 11.20. முன்கட்டு.

"ஐயா, மத்தியானம் என்ன செய்வீங்க?" என்றார் சந்திரலேகா.

"சாப்பிட்டுச் செத்த நேரம் படுப்பேன். வயசாச்சுல்ல."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு மேல. நாலு மணிக்கு எந்திரிப்பேன்."

"ஏசி போட்டா?"

"ஏசியா? அது ஓடி ரெண்டு வருசம் ஆச்சு. கம்ப்ரசர் போயிருச்சு. சும்மா மாட்டியிருக்கு."

அகல்யா கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்தாள். பின்மூடியைத் தள்ளினாள். பளபளவென்று இரண்டு புது பேட்டரி.

"ஓடாத ஏசிக்கு இது எதுக்கு ஐயா? வெளியில குழாய்க்கு அடியில பொன்னாங்கண்ணி எந்தத் தண்ணியைக் குடிச்சு வளருது?"

சேவுகப்பெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். விபூதி பாதி போய்விட்டது.

காலை 11.45. பின்கட்டு.

மின்வாரியத்திலிருந்து பெத்தன் வந்திருந்தார். முப்பது வருடம் கம்பத்தில் ஏறியவர், அதிகம் பேசாதவர். உறையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அதே மேசையில் வைத்தார்கள். எல்லோர் காலிலும் ரப்பர் செருப்பு. பெத்தன் கையுறை போட்டுக்கொண்டு சார்ஜரைச் செருகினார். அகல்யா ஒரு பழைய வகுப்பை, பிப்ரவரித் தொடக்கத்துச் சுத்தமான ஒன்றை, ஓடவிடச் சொன்னாள். சிவபிரகாஷின் குரல் அறையில் கேட்டது. யாரும் ஈஸ்வரியைப் பார்க்கவில்லை.

"போடுங்க மேடம்" என்று அகல்யா குரல் கொடுத்தாள். முன்கட்டில் சந்திரலேகா ரிமோட்டை அழுத்தினார்.

மூன்று நிமிடம். கரகரப்பு வந்தது.

"இதான்" என்றாள் ஈஸ்வரி. "இதான் அந்தச் சத்தம்."

"நிறுத்துங்க." நின்றது. மறுபடி போட்டார்கள், மறுபடி வந்தது. பெத்தன் சுவரிலிருந்த பிளக் பாயின்டின் பெரிய ஓட்டையில், எர்த் ஓட்டையில், சோதனை விளக்கை வைத்தார். ஒருபோதும் எரியக் கூடாத இடம் அது. விளக்கு எரிந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு முன்கட்டுக்குப் போய், ஏசி சுவிட்சுக்குப் பின்னாலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். பழைய சக்கர மீட்டரை ஏமாற்றுவதற்காக, ஏசியின் ஒரு வயர் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வீட்டு எர்த் கம்பியோடு முறுக்கப்பட்டிருந்தது.

நடையில் எல்லோரும் நின்றார்கள். அகல்யா சத்தத்தை உயர்த்தாமல் சொன்னாள்.

"சிவபிரகாஷ் சார் சாவுக்குக் காரணம் லேப்டாப் இல்ல, சார்ஜர் இல்ல. சேவுகப்பெருமாள் ஐயாவோட ஏசி. கரண்டை மீட்டருக்குத் தெரியாம மண்ணுக்குள்ள எறக்கி விட்டிருக்காரு. குழி ஈரமா இருந்த வரைக்கும் மண்ணு குடிச்சுக்கிச்சு. மாசியில தண்ணி ஊத்தக் கூடாதுன்னாரு. மண்ணு காஞ்சுது. எறங்க வழி இல்லாத கரண்ட், எர்த் கம்பி வழியா எல்லாக் கட்டுக்கும் ஏறிடுச்சு. ஃப்ரிட்ஜுக்கு, லேப்டாப்போட தகர உடம்புக்கு. ஆச்சி மிஷினுக்கு ரெண்டு பின்தான், எர்த் பின் கிடையாது, அதனால அவங்க தப்பிச்சாங்க. கம்ப்ரசர் ஓடுறப்ப கரகரக்கும், நிக்கிறப்ப நிக்கும். ஐயா குன்றக்குடிக்குப் போன நாள்ல வராது. நேத்து குழி எலும்பாக் காஞ்சு கெடந்துச்சு, தரை ஈரம், சார் வெறுங்கால். ரெண்டு கையாலயும் பிடிச்சாரு."

"எல்லாருந்தான் செய்யிறாக" என்றார் சேவுகப்பெருமாள். அவர் குரல் குழந்தையினுடையது போலச் சிறுத்துவிட்டது. "அதுக்கா ஒரு உசுரு போகும்? நான் நெனைச்சா செஞ்சேன்?"

"நினைச்சுத்தான் புகார் குடுத்தீங்க" என்றார் சந்திரலேகா. "நேத்து நாலு மணிக்கே. உடம்பு வீட்டை விட்டுப் போகறதுக்கு முன்னாடி. யார் மேல போடலாம்னு யோசிக்க நேரம் இருந்திருக்கு. வண்டியில ஏறுங்க."

அவர் போகும்போது ஈஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பழையபடி அங்குட்டே பாத்திரம் கழுவியிருந்தா?"

"அப்படி நினைக்காதீங்கக்கா."

"தரையைத் துடைக்காம இருந்திருந்தா?"

சந்திரலேகா நோட்டைத் திறந்து, "உங்க மேல ஒண்ணும் இல்லை அகல்யா. வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டுக் கடையைப் போய்த் திறங்க" என்றார்.

"இன்னொண்ணு எழுதணும் மேடம். மூணாவது தடவை வந்தப்ப பேட்டரி சரியில்லன்னு பார்த்தேன். எப்பவும் சார்ஜர்லயே போட்டு வைங்க சார்னு நான்தான் சொன்னேன். சார்ஜரைக் கழட்டினா சத்தம் நிக்குதான்னு ஒரு தடவை வீட்டுல பாருங்கன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். கரகரப்புன்னு யார் வந்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி அதுதான். நான் கேக்கல. மூணு தடவையும் குறை இல்லைன்னு எழுதிக் குடுத்தேன்."

"அது குத்தம் இல்லை."

"எழுதுங்க மேடம்."

சந்திரலேகா எழுதவில்லை. பேனாவை மூடினார்.

ஈஸ்வரிதான் பேசினாள். யாரிடமோ விலாசம் சொல்வது போன்ற குரல்.

"அவுக உங்கள ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாக்குது, மிஷின்ல குறை இல்லையாம், என் காதுதான் கெட்டுப்போச்சு போலன்னாக. பிள்ளைகளுக்கும் கேக்குதேன்னேன். பிள்ளைக சும்மா வெளையாடுதுகன்னாக. திங்கக்கெழமை காரைக்குடியில காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாக. அவரும் பாத்துட்டு, குறை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாராம்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அகல்யா நடையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஈஸ்வரி அழவில்லை. இந்தப் பெண் எதற்காக இப்படி அழுகிறாள் என்று புரியாதவள் போல, பக்கத்தில் வந்து அவள் முதுகில் கை வைத்தாள்.